இல்லத்தில் தங்கியிருக்கும் மாற்றுத்திறனாளிக்கு உதவித்தொகை: எதை முதலில் செய்வது, எங்கே சிக்கும்?

பொள்ளாச்சிப் பக்கத்திலோ ஆனைகட்டி அடிவாரத்திலோ ஓர் இல்லத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால், அரசு உதவித்தொகை விஷயத்தை இனி இல்லமே பார்த்துக்கொள்ளும் என்று வீட்டார் நினைக்கிறார்கள். அது வீட்டார் வேலை என்று இல்லம் நினைக்கிறது. இப்படியே பிள்ளைக்கு முப்பது வயதாகிவிடுகிறது. பீரோவில் இருப்பது பள்ளிக் காலத்தில் வாங்கிய பழைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டைப் புத்தகம் ஒன்றுதான்.

18 வயதைத் தாண்டி இல்லத்தில் தங்கியிருப்பவருக்காக அலையப்போகும் அம்மா, அண்ணன், சித்தப்பா, இல்லப் பொறுப்பாளர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. விண்ணப்பப் படிவங்கள் வீட்டில் இருப்பவருக்கும் இல்லத்தில் இருப்பவருக்கும் ஒன்றுதான். சிக்குகிற இடங்கள்தான் வேறு. முகவரி யாருடையது, கையெழுத்து யார் போடுவது, பணம் எந்தக் கணக்கில் விழுவது என்ற மூன்று கேள்விகளில் ஏதாவது ஒன்றில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் முகவரியும் ஆதாரும், அடுத்து ஊனச் சான்றும் யூடிஐடி என்ற தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், தேவைப்பட்டால் பாதுகாவலர் ஆணை, பிறகு வங்கிக் கணக்கு, கடைசியில்தான் உதவித்தொகை விண்ணப்பம். பலர் கடைசியில் இருப்பதை முதலில் செய்கிறார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு, ஆதாரில் ஒரு பெயர், சான்றில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறு பெயர் என்று திரும்பி வருகிறார்கள்.

எந்த மாவட்டம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பெற்றோர் ஈரோடு மாவட்டத்துக் கோபியில், பிள்ளை கோவையில் என்று இருக்கும்போது எந்த மாவட்டத்தில் விண்ணப்பிப்பது? எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆதார் ஈரோடு மாவட்டத்திலும், ஊனச் சான்று கோவையிலும், வங்கிக் கணக்கு வேறோர் ஊரிலும் இருந்தால் ஒவ்வோர் அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும்.

வீட்டு முகவரியில் உதவித்தொகை வாங்குபவருக்கு வரும் ஆபத்து ஒன்று உண்டு. பயனாளி உயிரோடு இருக்கிறாரா, அந்த ஊரில்தான் இருக்கிறாரா என்று விஏஓ வழியாக அவ்வப்போது விசாரணை நடக்கும். வீடு பூட்டியிருக்கும், பெற்றோர் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால், "அந்தப் புள்ளைய எங்கியோ இல்லத்துல சேத்தியிருக்கறாங்க, இங்க இல்லீங்க" என்று உள்ளதைச் சொல்வார்கள். "இம்முகவரியில் வசிக்கவில்லை" என்று அறிக்கை போகும். அடுத்த மாதத்திலிருந்து பணம் நிற்கும். ஏன் நின்றது என்று வீட்டுக்குத் தெரிவதற்குள் பாதி வருஷம் போய்விடும்.

நிரந்தரமாக இல்லத்தில்தான் இருக்கப்போகிறார் என்றால் ஆதார் முகவரியை இல்லத்துக்கே மாற்றிவிடுவது நல்லது. மாதத்தில் பாதி நாள் வீட்டுக்கு வந்துபோகிறவர் என்றால் வீட்டு முகவரி இருக்கட்டும். அப்போது விஏஓவிடம் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, எந்த இல்லத்தில், எந்த நாட்களில் இருக்கிறார் என்பதைப் பதிவு செய்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"இல்ல முகவரிக்கு என்ன ஆதாரம் காட்டுவது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகளோடு வரும் ஊனச் சான்று விண்ணப்பமான படிவம் 4-இலேயே இதற்கு வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் தங்கியிருப்பவர் என்றால், அந்த இல்லத்தின் தலைவர் தரும் வசிப்பிடச் சான்று போதும் என்று முகவரிச் சான்றுகளின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள், வாதாட வேண்டியிருக்காது.

ஆதாருக்கும் இதேபோல ஒரு வழி உண்டு. அங்கீகாரம் பெற்ற இல்லத்தின் கண்காணிப்பாளரோ பொறுப்பாளரோ, ஆதார் ஆணையத்தின் நிலையான சான்றுப் படிவத்தில் புகைப்படம் ஒட்டி, கையெழுத்தும் முத்திரையும் இட்டுக் கொடுத்தால் ஏற்கப்படும். அந்தச் சான்று 3 மாதத்துக்குத்தான் செல்லும். தேதி தாண்டிய சான்றைக் கொண்டுபோய்த் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். இல்லத்தின் சொந்த லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பது செல்லாது, அந்தப் படிவமேதான் வேண்டும். "அங்கீகாரம் பெற்ற" என்ற சொல்லையும் கவனியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இல்லம் என்றால், 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே பதிவுச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இல்லம் என்றால், உதவித்தொகையைவிடப் பெரிய கவலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது.

ஆதாரில் வரும் தொல்லைகள்

மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு விரல்கள் மடங்கியே இருக்கும், ரேகை பதியாது. கண் கருவிழி பதிவாகலாம். இரண்டும் முடியாவிட்டால் "பயோமெட்ரிக் விலக்கு" என்ற முறையில் பதிவு செய்ய வேண்டும். மையத்தில் இருப்பவர் "ரேகை விழல, அப்புறம் வாங்க" என்று அனுப்பினால் கிளம்பிவிடாதீர்கள். விலக்கு முறையில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

சிறுவயதில் ஒருமுறை எடுத்த ஆதார் தொலைந்து, இல்லம் புதிதாக விண்ணப்பித்தால், "ஏற்கெனவே பதிவு உண்டு" என்று நிராகரிப்பு வரும். திரும்பத் திரும்பப் புதிதாகப் போடுவதில் பயனில்லை. பழைய எண்ணைத்தான் கண்டுபிடித்து மீட்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் ஒரே ஒரு விதி: ஆதாரில் இருக்கும் எழுத்து எப்படியோ அப்படியே மற்ற எல்லாவற்றிலும். ஆதாரில் "சுமதி ப" என்றும், பழைய அட்டையில் "பி. சுமதி" என்றும், பாஸ்புக்கில் "சுமதி பழனிசாமி" என்றும் இருந்தால் மனிதருக்குப் புரியும், கம்ப்யூட்டருக்குப் புரியாது. எதைத் திருத்துவது என்று குழம்பாமல் ஆதாரைச் சரிசெய்துவிட்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள்.

ஊனச் சான்று: 18 வயதில் ஒரு கதவு

அறிவுசார் குறைபாட்டுக்குச் சிறுவயதில் கொடுத்த சான்று புதுப்பிக்கப்பட வேண்டியது. 18 வயதில் மறுபடி பரிசோதித்துக் கொடுக்கும் சான்றுதான் வாழ்நாள் முழுதும் செல்லும். பத்து வயதில் இல்லத்துக்கு வந்தவருக்கு இந்தப் புதுப்பிப்பு விடுபட்டுப்போவது சர்வசாதாரணம். சான்றின் கடைசி வரியை எடுத்துப் பாருங்கள். "நிரந்தரம்" என்று இருக்கிறதா, தேதி போட்டிருக்கிறதா?

விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில். இ-சேவை மையத்திலும் போட்டுத் தருவார்கள். புகைப்படம், கையெழுத்து அல்லது ரேகை, ஆதார் வேண்டும். பிறகு மருத்துவப் பரிசோதனை. கோவையில் திருச்சி சாலையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஈரோட்டுக்காரர்களுக்குப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை. திருப்பூர், நாமக்கல், கரூரில் அந்தந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நடத்தும் முகாம்களிலும் மருத்துவர்கள் வருவார்கள். உட்கார்ந்து சோதிக்க நேரம் தேவைப்படுகிற அறிவுசார், மனநலக் குறைபாடுகளுக்கு முகாமைவிட மருத்துவமனையே மேல்.

சதவீதம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். அறிவுசார் குறைபாட்டில் வயதுக்கேற்ற அன்றாடத் திறனை அளக்கும் வைன்லேண்ட் அளவுகோலும் அறிவுத்திறன் சோதனையும் பயன்படுகின்றன. லேசான குறைபாடு என்றால் 50 சதவீதம், மிதமானது என்றால் 75, கடுமையானது என்றால் 90, மிகக் கடுமையானது என்றால் 100. மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோல். தன்னைப் பார்த்துக்கொள்ளுதல், பிறருடன் பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை என்ற நான்கோடு நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதையும் கூட்டுவார்கள். மொத்தம் 7 வந்தால்தான் 40 சதவீதம் தொடும்.

இங்கேதான் இல்லவாசிகள் ஏமாந்துபோகிறார்கள். இந்த அளவுகோல்களில் பாதிக்கு மேல், கூட வந்தவர் சொல்லும் பதிலை வைத்துத்தான் மதிப்பெண். கூட வருவது பெரும்பாலும் இல்லத்து ஆயா. பாசத்தில், "எல்லாம் அவளே பண்ணிக்குவாளுங்க, தங்கமான புள்ள" என்பார். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இல்லத்தில் மணி அடித்தால் குளியல், பேஸ்ட் வைத்த பிரஷ் கைக்கு வரும், உடுப்பு எடுத்து வைக்கப்பட்டிருக்கும், சாப்பாடு தட்டில் இருக்கும். அந்தச் சுற்றம் செய்கிற வேலையை அவள் செய்வதாகக் கணக்கில் எழுதினால் சதவீதம் குறையும்.

கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எவற்றை யாரும் சொல்லாமலே செய்கிறார், எவற்றைச் சொன்னால் செய்கிறார், எவற்றைக் கைபிடித்தே செய்விக்க வேண்டும். குளியல், மலசலம், சோறு, உடை, மாத்திரை, பணத்தை எண்ணுவது, தனியாகத் தெருவைக் கடப்பது, நெருப்பு, கிணறு போன்ற ஆபத்துகளை உணர்வது எல்லாம் அதில் வரட்டும். வலிப்பு வந்தால் மாதத்துக்கு எத்தனை முறை என்பதையும் சேருங்கள். தாளை மருத்துவரிடம் கொடுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகளும் பள்ளிச் சான்றும் இருந்தால் இன்னும் நல்லது.

அன்றைக்குக் காலை வேளை மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மதியம் வரை காத்திருக்க நேரலாம். சாப்பாடு, தண்ணீர், மாற்றுடை, டயப்பர் கையில் இருக்கட்டும். படுக்கையிலேயே இருப்பவரை ஆம்புலன்சில் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, இல்லத்திலேயே பரிசோதிக்க ஏற்பாடு கேளுங்கள். ஓர் இல்லத்தில் பத்துப் பேருக்குச் சேர்த்துக் கேட்டால் நடக்க வாய்ப்பு அதிகம்.

2024 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு யூடிஐடி அட்டைக்கு நிறம் வந்திருக்கிறது. 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். வெள்ளை அட்டையை வைத்துக்கொண்டு உதவித்தொகைக்கு அலைவதில் பலனில்லை. சதவீதம் தவறு என்று தோன்றினால் 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யுங்கள்.

கையெழுத்து யாருடையது?

பிள்ளைக்கு 18 முடிந்த அன்றே பெற்றோரின் கையெழுத்துக்குச் சட்டப்படி இருந்த மதிப்பு போய்விடுகிறது. பெற்ற தாய் என்பதால் மட்டும் வங்கியில் அவர் சார்பில் கையெழுத்திட முடியாது. இல்லப் பொறுப்பாளருக்கு அந்த உரிமை ஒருபோதும் இருந்ததே இல்லை.

ஆனால் எல்லோருக்கும் பாதுகாவலர் தேவை என்று கிளம்பிவிடாதீர்கள். தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், பார்வையோ செவியோ இல்லாதவருக்கும் தன் காரியத்தைத் தானே பார்க்கத் தெரியும். கைநாட்டு வைத்தாலும் அது அவருடைய கையெழுத்துதான். சொத்து வைத்துக்கொள்ளவும் பணத்தைக் கையாளவும் அவருக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்கிறது 2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவு. வசதிக்காக ஒருவரைப் பாதுகாவலர் ஆக்கிவிடுவது அந்த உரிமையைப் பிடுங்குவதுதான்.

அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் வருபவர், தாமாக முடிவெடுக்க இயலாதவர் என்றால் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கலாம். கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் இருப்பார்கள். விண்ணப்பம் படிவம் ஏ. பெற்றோரோ உறவினரோ போடலாம். யாரும் இல்லாதவருக்குப் பதிவு பெற்ற அமைப்பு முன்வரலாம். ஊனச் சான்று, வயதுச் சான்று, உறவுக்கான சான்று, சேர்ந்து எடுத்த புகைப்படம், உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதம் தயாராக இருக்கட்டும். குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். எனவே அடுத்த கூட்டம் எப்போது என்று நல அலுவலகத்தில் கேட்டு, அதற்கு முன்பே கொடுங்கள்.

அண்ணன்தம்பிகளின் சம்மதத்தில்தான் நம் பக்கத்தில் இது அதிகம் நின்றுபோகிறது. தோட்டத்துப் பங்கு கேட்டு வருவார்களோ என்ற பயம் உள்ளே இருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். பாதுகாவலர் ஆணை புதிதாக எந்தச் சொத்தையும் உண்டாக்குவதில்லை. அவருக்கு இருப்பதைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டுமே. அதுவும் கணக்குக் காட்டும் பொறுப்பு. நியமனமான 6 மாதத்துக்குள் அவருடைய சொத்து, கடன் பட்டியலைக் குழுவிடம் தர வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. பாதுகாவலர் பணத்தைக் கையாடினாலோ கவனிக்காமல் விட்டாலோ நீக்கக் கோரவும் அதே குழுவிடம் போகலாம்.

மனநோய் இந்தச் சட்டத்தில் வராது. அவர்களுக்கு 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவிலுள்ள வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் முறைதான். குறிப்பிட்ட காரியத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து முடிவெடுக்கும் ஏற்பாடு அது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

வங்கிக் கணக்கு

கணக்கு அவர் பெயரில்தான் இருக்க வேண்டும், இல்லத்தின் பெயரில் அல்ல. உள்ளூர்க் குழு கொடுத்த பாதுகாவலர் சான்றை ஏற்றுக் கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை இருக்கிறது. கிளை மேலாளர் தயங்கினால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். இதைக் கேட்டவுடனேயே பல இடங்களில் கணக்குத் திறந்துவிடும்.

உடல் முடியாமல் கிளைக்கு வர இயலாதவர் கை அல்லது கால் விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கிக்கு அறிமுகமான இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று 2017-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இல்லத்துக்கு அருகிலுள்ள கிளை என்றால் இதைக் கேட்பது எளிது.

ஒன்றை மறக்காமல் பாருங்கள். பள்ளியில் படித்தபோது கல்வி உதவித்தொகைக்காக ஒரு கணக்குத் தொடங்கியிருப்பார்கள். ஆதார் அதோடு இணைந்தே கிடக்கும். ஆதார் வழியாக வரும் பணம் எல்லாம் அந்தப் பழைய கணக்குக்குப் போகும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். புதிய கணக்குக்கு மாற்றிவிட்டு, பழையதில் இருப்பதை எடுத்து மூடுங்கள்.

எந்த உதவித்தொகை?

தமிழ்நாட்டில் மாதாந்திரப் பணம் இரண்டு துறைகள் வழியாக வருகிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல், கடும் உடல் ஊனம் 75 சதவீதத்துக்கு மேல், தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு, பார்கின்சன், தண்டுவட மரப்பு போன்ற நாள்பட்ட நரம்பு நோய்கள் ஆகிய பிரிவுகளுக்கு இது. மற்றது வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 2023 ஜனவரி முதல் மாதம் 1500. 18 வயதும் 40 சதவீதமும் வேண்டும், தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்தான் இதைப் பார்க்கிறார். தொகைகள் அரசாணையால் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. பராமரிப்பு உதவித்தொகைக்குப் போகும்போது, வேறு ஓய்வூதியம் வாங்கவில்லை என்று விஏஓ சான்று கேட்பார்கள். ஏற்கெனவே 1500 வாங்குகிறவர், அதை ரத்து செய்துவிட்டு வந்தால் இடையில் எதுவும் வராத மாதங்கள் நீளலாம், ஏனென்றால் ஒதுக்கீடு வரும்வரை காத்திருப்போர் பட்டியல் உண்டு. புதிய ஆணை கிடைக்கும் மாதத்திலிருந்து பழையதை நிறுத்தச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

இல்லவாசி என்பதை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். அந்த இல்லத்துக்கு அரசின் உணவு மானியம் வருகிறதா என்று பொறுப்பாளரிடம் கேட்டு, அதையும் குறிப்பிடுங்கள். மானியம் நிறுவனத்துக்குத் தலைக்கணக்கில் போகும் பணம், உதவித்தொகை தனிமனிதருக்கு வரும் பணம். "இல்லத்துல இருக்கறவங்களுக்குக் கிடையாதுங்க" என்று வாய்வார்த்தையில் அனுப்பினால், எந்த அரசாணை, எந்தப் பத்தி என்று எழுத்தில் கேளுங்கள். மறைத்து வாங்கிவிட்டுப் பின்னால் வசூல் நோட்டீஸ் வாங்குவதைவிட இது மேல்.

ஆண்டுக்கொரு முறை வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். இல்லத்தின் காலண்டரில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அந்த மாதத்தைக் குறித்து வையுங்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வருவதாக மேலே சொன்ன நான்கு குறைபாடுகளுக்கு உரிய நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் கையோடு பாருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளி செலவும் தெரபியும் அடங்கும், மார்ச் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும். பயணத்துக்கு, சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் துணையாளோடு இலவசம். ரயிலில் துணையோடு மட்டுமே போக முடிகிறவர்களுக்குப் படுக்கை வகுப்பில் இருவருக்கும் 75 சதவீதச் சலுகை.

அப்பாவின் பி.எஃப்.

இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நூல் மில், பனியன் கம்பெனி, பவுண்டரி என்று கோவை, திருப்பூரில் பி.எஃப். பிடித்தம் செய்யப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1995-ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், இறந்துபோன உறுப்பினருக்கு நிரந்தரமாக, முழுமையாக ஊனமுற்ற மகனோ மகளோ இருந்தால், வயது வரம்பு இல்லாமல் பிள்ளை ஓய்வூதியம் உண்டு. சாதாரணப் பிள்ளைகளுக்கு 25 வயதோடும் இரண்டு பேரோடும் முடிகிற உரிமை, இவருக்கு வாழ்நாள் முழுதும். அம்மா விதவை ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே கூடுதலாக இது வரும். பிள்ளைக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய். அம்மாவும் போனபின் அனாதை ஓய்வூதியமாகக் குறைந்தபட்சம் 750. தொகை சிறிது என்று விடாதீர்கள், அப்பாவின் சர்வீஸ் நீளமாக இருந்தால் கூடும். படிவம் 10-டி, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மருத்துவச் சான்று, பாதுகாவலர் ஆணையோடு கோவை மண்டல அலுவலகத்தில் கேளுங்கள்.

இதில் பெரும்பாலும் கெடுப்பது வாரிசுச் சான்று. "அது இல்லத்துல இருக்குது, எதுக்குப் பேரு" என்று பிள்ளையின் பெயரை விட்டுவிட்டு வாங்கியிருப்பார்கள். பெயர் இல்லாவிட்டால் ஓய்வூதியமும் இல்லை, சொத்தில் உரிமை கேட்பதும் கஷ்டம். சான்று வாங்கும் நாளிலேயே எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கட்டும்.

அப்பாவோ அம்மாவோ ஆசிரியர், அரசு ஊழியர் என்றால் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அவர் உயிரோடு இருக்கும்போதே குடும்ப விவரத்தில் பிள்ளையின் பெயரையும் ஊனத்தையும் பதிந்து வைப்பது பிற்பாடு அலைவதைப் பாதியாகக் குறைக்கும். வேலையில் விபத்தில் இறந்தவர் இஎஸ்ஐ காப்பீட்டாளர் என்றால், சார்ந்தோர் உதவியும் ஊனம் இருக்கும்வரை தொடரும்.

பணம் வந்தபின்

அந்த 2000 ரூபாய் யாருடையது? அவருடையது. இல்லக் கட்டணத்துக்கு அதிலிருந்து எடுப்பதென்றால் சேர்க்கும்போதே எழுதிய ஒப்பந்தமும் ஒவ்வொரு முறையும் ரசீதும் வேண்டும். ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் மொத்தமாக அலுவலக மேசையில் போட்டுவைப்பது இல்லத்துக்கே ஆபத்து. ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு இருக்கட்டும்: தேதி, வரவு, செலவு, எதற்கு, யார் எடுத்தார், பில். செருப்பு, கண்ணாடி, அவருக்குப் பிடித்த தின்பண்டம், வருஷத்துக்கொரு முறை பழனிக்கோ மருதமலைக்கோ போய்வருவது எல்லாம் அவர் பணத்தில் வரலாம். சேர்த்துவைத்துக்கொண்டே போவதில் என்ன இருக்கிறது?

அவர் இறந்துவிட்டால் உடனே இரண்டு துறைகளுக்கும் எழுதுங்கள். அதன்பின் வரவான மாதத் தொகையைத் திரும்ப வசூலிப்பார்கள். அதற்கு முன் சேர்ந்திருந்த பணம் வாரிசுகளுக்கு, இல்லத்துக்கு அல்ல. வேறு இல்லத்துக்கு மாறினால் முகவரி மாற்றத்தை ஆதாரிலிருந்து தொடங்குங்கள், அதே வரிசையில்.

நின்றுபோனால்

ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த விண்ணப்பத்தையும் கொடுக்காதீர்கள். ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுத்து எண் வாங்குங்கள். முதல்வர் உதவி எண் 1100, மாற்றுத்திறனாளிகள் துறையின் கட்டணமில்லா எண் 18004250111. கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியவேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வி "ஏன் தரவில்லை" என்று இருக்கக் கூடாது. "இன்ன எண் விண்ணப்பம் இன்ன தேதியில் யாரிடம் இருந்தது, நிராகரிப்புக்குக் காரணமான ஆணையின் நகல் தருக" என்று இருக்கட்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் எழுதலாம். வக்கீல் வேண்டுமென்றால் 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. போனில் கேட்க 15100.